வெள்ளைக் கட்டங்கள்

சிமுலேஷன் மென்பொருள் எதைத் திறந்தாலும் திரையின் முக்கால் பங்கைப் பொருளின் உருவம் பிடித்துக்கொள்ளும். பம்பின் உடலாக இருக்கலாம், கார்க் கதவாக இருக்கலாம், பாலத்தின் ஒரு காலாக இருக்கலாம். மவுஸை அழுத்தி இழுத்தால் சுழலும். பக்கத்தில் வந்து நிற்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. இடது பக்கம் கீழ் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பெட்டியைப் பற்றி. ஆன்சிஸில் அதற்கு 'டீடெய்ல்ஸ்' என்று பெயர். வேறு மென்பொருள்களில் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பார்கள், 'செட்டிங்ஸ்' என்பார்கள். பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். இடது பத்தியில் கேள்வி, வலது பத்தியில் பதில்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன டிசைன் சர்வீஸ் கம்பெனியில் எட்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. பம்பு செய்பவர்கள், ஃபவுண்டரிக்காரர்கள், டெக்ஸ்டைல் மெஷின் செய்பவர்கள் டிராயிங் அனுப்புவார்கள். இது தாங்குமா தாங்காதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். அம்மா போன் செய்தால், "இன்னுமா அந்தப் பொட்டியவே பாத்துட்டு உக்காந்திருக்க?" என்பார். அவர் சொல்வது கம்ப்யூட்டரை. ஆனாலும் சரியாகத்தான் சொல்கிறார்.

அந்தப் பெட்டியில் இரண்டு நிறக் கட்டங்கள் உண்டு. ஒரு விசையைச் சேர்த்ததும் சில கட்டங்கள் மஞ்சளாகும். எந்த முகத்தில் விசை? எவ்வளவு? சொல்லாமல் மேலே போக முடியாது. மஞ்சள் இருக்கும்வரை மென்பொருள் கணக்கைத் தொடங்காது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் மஞ்சளைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். பரீட்சைத் தாளில் விடுபட்ட கேள்வி மாதிரி அது உறுத்தும். ஒவ்வொன்றாக நிரப்பி, மஞ்சள் எல்லாம் மறைந்ததும் ஒரு நிம்மதி வரும்.

எனக்கு பயம் வெள்ளைக் கட்டங்களிடம்தான். அவை எதையும் கேட்பதில்லை. அவற்றில் ஏற்கெனவே யாரோ பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

உதாரணமாக, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் உங்கள் பொருள் எஃகு. 'ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல்' என்ற பெயரோடு தயாராக நிற்கும். அதன் விறைப்பு 200 கிகா பாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ, 250 மெகா பாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். எங்கள் ஊரில் பாதி சாமான் வார்ப்பிரும்பு. அதன் விறைப்பு எஃகில் ஏறக்குறையப் பாதி. அது வளைந்து முன்னறிவிப்பு தருவதும் இல்லை. நசுக்கினால் தாங்கும், இழுத்தால் படாரென்று விடும். ஆனால் வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு பொருளைத் தொடாமல் விட்டால் மென்பொருள் ஒரு வார்த்தை கேட்காது. உங்கள் பம்பை எஃகாக நினைத்து அழகாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

வெப்பநிலை 22 டிகிரி. நீங்கள் சொல்லாதவரை உலகம் முழுவதும் 22 டிகிரிதான். இரண்டு முனையும் அசையாமல் இறுகப் பிடித்த எஃகுத் துண்டு ஒன்று ஒரு டிகிரி சூடானால் அதற்குள் சுமார் 2.4 மெகா பாஸ்கல் அழுத்தம் ஏறும். 22 டிகிரியில் இறுக்கியது சித்திரையில் 40 டிகிரிக்குப் போனால், யாரும் எதையும் தூக்காமலேயே 43. உலைக்குப் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். இது எதுவும் அந்த வெள்ளைக் கட்டத்துக்குத் தெரியாது.

புவியீர்ப்புகூட தானாக வராது. 'ஸ்டாண்டர்டு எர்த் கிராவிட்டி' என்று ஒன்றை நாம்தான் சேர்க்க வேண்டும். அதுவரை பத்து டன் இரும்பும் எடையில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். முதன்முதலில் இதை அறிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்தான். பூமியே ஒரு ரைட் கிளிக்கில் வரும் சமாச்சாரம் என்பதில் ஒரு கவிதை இருப்பதாகப்பட்டது. இப்போது அந்த வரியைப் பார்த்தால் கவிதை தோன்றுவதில்லை. சேர்த்தாயிற்றா என்று மட்டும் பார்க்கிறேன்.

இவை எல்லாவற்றையும் விட அதிகமாக அந்தப் பெட்டியில் தென்படும் சொற்கள் இரண்டு: 'புரோகிராம் கண்ட்ரோல்டு.' வலையின் நுணுக்கம், தீர்வு முறை, தொடுகைக் கணக்கு என்று எங்கே போனாலும் இதே பதில். 'நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மென்பொருள் சொல்வதாகத்தான் பலர் இதைப் படிக்கிறார்கள். பெரும்பாலும் நன்றாகவே பார்த்துக்கொள்ளும், அதையும் சொல்லிவிட வேண்டும். அதை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆயிரம் பேருக்குப் பொருந்தும் பதிலைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். ஆயிரத்தோராவது ஆள் நீங்களா என்பதை மட்டும் அவர்களால் சொல்ல முடியாது.

*

வெள்ளைக் கட்டங்களில் எனக்குப் பிடித்தது தொடுகை. இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அவற்றின் உறவு என்ன என்று கேட்கும் கட்டம். கீழே இறக்கினால் ஒரு பட்டியல் விரியும்.

'பாண்டட்' என்றால் ஒட்டிப் பிறந்தவை. பிரியவும் முடியாது, நழுவவும் முடியாது. 'நோ செபரேஷன்' என்றால் பிரிய முடியாது, ஆனால் கொஞ்சம் நழுவலாம். 'ரஃப்' அதற்கு நேரெதிர். நழுவவே முடியாது, ஆனால் பிரிந்து போகலாம். 'ஃப்ரிக்‌ஷன்லெஸ்' என்றால் இரண்டும் செய்யலாம், எந்தத் தடையும் இல்லை. 'ஃப்ரிக்‌ஷனல்' என்றால் இரண்டும் செய்யலாம், ஆனால் நழுவுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை நீங்கள் எண்ணாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆபீஸில் யாருடைய காதல் கதை வந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றில் அடக்கிவிடுவோம். "அவங்க ரெண்டு பேரும் ரஃப்புடி" என்றால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும்.

மென்பொருள் இரண்டு பாகங்கள் நெருங்கி இருப்பதைப் பார்த்தால் தானாகவே ஒரு தொடுகையை உருவாக்கிக்கொள்ளும். அப்போது அது எடுத்துக்கொள்ளும் உறவு, பாண்டட். கணக்குக்கு அதுதான் எளிது. உடனே முடியும், பாதியில் நின்று பிழை காட்டாது. ஃப்ரிக்‌ஷனல் என்று மாற்றினால் எது திறக்கிறது, எது நழுவுகிறது என்று ஒவ்வொரு படியாகத் தேடித்தேடிப் போகும். ஐந்து நிமிடக் கணக்கு ஐந்து மணி நேரம் ஆகும். சில நாள் முடியவே முடியாது.

*

இந்தப் பெட்டிக்கு முன்னால் அட்டை இருந்தது. ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் இந்த முறைக்கு 'ஃபைனைட் எலிமெண்ட்' என்ற பெயரை ரே கிளஃப் 1960இல் வைத்தார். அதே பத்தாண்டில் நாசாவுக்காக நாஸ்ட்ரான் என்ற மென்பொருள் எழுதப்பட்டது. அதற்கான தகவல்களைத் துளையட்டையில் கொடுக்க வேண்டும். அட்டைக்கு 80 பத்தி. அதை எட்டெழுத்து கொள்ளும் 10 கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். துளையட்டை போய்ப் பல காலம் ஆகியும் நாஸ்ட்ரான்காரர்கள் அந்த வரிகளை இன்றும் 'கார்டு' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த அட்டையில் பல கட்டங்களைக் காலியாக விடலாம். காலியாக விட்டால் மென்பொருள் தன் வழக்கமான மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதாவது அன்றும் டிஃபால்ட் இருந்தது. ஆனால் நிரப்பாத கட்டம் நிரப்பாத கட்டமாகவே கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னல் வந்த பிறகு அது மாறிவிட்டது. இன்று நான் யோசித்துப் போட்ட எண்ணும், யாரும் யோசிக்காமல் விட்ட எண்ணும் ஒரே எழுத்துருவில் ஒரே கறுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. விடுபட்ட இடம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பெட்டிக்குள் எடுத்த முடிவு வெளியே என்ன செய்யும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லாரும் சொல்லும் கதை ஸ்லெய்ப்னர் ஏ. வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய எண்ணெய் மேடை. அதன் கான்கிரீட் அடிப்பாகத்தை நார்வேயில் ஸ்டாவஞ்சருக்குப் பக்கத்தில் ஒரு ஃபியோர்டில் மிதக்கவிட்டு, மெல்ல அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1991 ஆகஸ்ட் 23. சுமார் 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் உடைந்தது. மொத்தமும் முழுகியது. அடியில் மோதியபோது நில அதிர்வுமானிகள் 3 அளவு அதிர்வைப் பதிந்தன. உயிர்ச்சேதம் இல்லை, நஷ்டம் மட்டும் சுமார் 70 கோடி டாலர்.

சுவர்கள் கூடும் மூலையில் போட்ட வலை அந்த இடத்துக்குப் போதாததாக இருந்தது. அங்கே ஏற்படும் வெட்டு விசையை அது 47 சதவீதம் குறைத்துக் காட்டியது. அதை நம்பிச் சுவர் மெலிதாக வந்தது, கம்பிகளும் போதிய நீளத்துக்குப் போகவில்லை. பிறகு இன்னும் கவனமாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 62 மீட்டரில் உடைந்திருக்கும் என்று விடை வந்தது. பயன்படுத்திய மென்பொருள் நாஸ்ட்ரான். அதில் பிழை எதுவும் இல்லை. கொடுத்த வலைக்கு உரிய விடையைக் கொடுத்தது.

இந்தக் கதையை நான் ஜூனியர்களுக்குச் சொன்னால் அவர்கள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். அப்புறம் திரும்பிப் போய்ப் பழையபடி வேலை செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வட கடல் ரொம்ப தூரம்.

*

பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு ஃபவுண்டரிக்கு ஜிப் கிரேன் வேண்டும். கட்டடத் தூணில் பொருத்தி, கையைப் போல் பக்கவாட்டில் சுழலும் கிரேன். ஒரு டன் தூக்க வேண்டும், கையின் நீளம் 3 மீட்டர். தூணில் மேலும் கீழுமாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பிராக்கெட். மேல் பிராக்கெட்டைத் தூணிலிருந்து பிய்க்கப் பார்க்கும் விசை சுமார் 29 கிலோ நியூட்டன். அதாவது மூன்று டன் எடையைக் கட்டி இழுப்பது போல. நாலு போல்ட் அதைப் பிடித்து நிற்க வேண்டும்.

தூணை அளந்து வர நான்தான் போனேன். மணல் தூசியும் உலைச் சூடும் நிறைந்த ஷெட். தூணுக்கு இரண்டு அடி தள்ளிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோர் போட்டுக்கொண்டிருந்தார்கள். டேப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு அக்கா எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"கிரேன் இங்கதான் வருதுங்களா?"

"ஆமாங்க்கா."

"எங்க பெஞ்சுக்கு மேலயேவா சுத்தும்?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

அவர் அண்ணாந்து, இன்னும் வராத கிரேன் இருக்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டேப்பை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் கணக்கு முடிந்தது. பிராக்கெட்டும் தூணும் ஃப்ரிக்‌ஷனல், போல்ட்டுகள் தனித்தனியாக இறுக்கப்பட்டவை என்று வைத்தேன். நிஜத்தில் அப்படித்தான் இருக்கப்போகிறது. சுமை ஏறியதும் பிளேட்டின் மேல் ஓரம் தூணைவிட்டுத் திறந்தது. பிளேட்டில் 204 மெகா பாஸ்கல் வந்தது. நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை 165.

மேனேஜர் சார் கெட்டவர் அல்ல. பதினோரு பேருக்கு மாதம் முதல் தேதி சம்பளம் போடுகிறவர். கிளையண்ட் பணம் வர அறுபது நாள் ஆகும். டிசைன் எங்களுடையதும் அல்ல. கிரேன் செய்பவர் கொடுத்தது. 'தாங்காது' என்று சொன்னால் மூன்று பேரிடம் போன், இரண்டு மீட்டிங், வேலை இழுத்துக்கொண்டே போகும். அவர் என் திரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாண்டட்ல ஓட்டினா எவ்ளோ வருது?"

"118 சார்."

"அப்ப அதையே அனுப்பிடும்மா."

"பிளேட்டும் தூணும் ஒட்டிக்கலையே சார். போல்ட்தானே போடறாங்க."

"பாண்டட்தானே டிஃபால்ட்? நாம எதையும் மாத்தலையே. மாத்தினாத்தான் கேள்வி வரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு எண்ணை அடித்துத் திருத்தி எழுதினால் அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். சாரே அதைச் செய்யச் சொல்லமாட்டார். ஆனால் இங்கே யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை. மென்பொருள் தானாக எடுத்துக்கொண்ட ஒன்றைச் சும்மா விட்டுவிட்டால் போதும். கை படாமலே பொய் சொல்ல முடியும்.

ரிப்போர்ட்டில் போவது வண்ணப் படம் மட்டும்தான். அந்தப் படத்திலும் பார்ப்பவர்களுக்குத் தெரியாத சங்கதிகள் உண்டு. சிவப்பு என்றால் ஆபத்து என்று நினைக்கிறார்கள். அந்தப் படத்தில் எது அதிகமோ அது சிவப்பு, அவ்வளவுதான். எல்லைக்குள் பத்திரமாக இருக்கும் பொருளிலும் ஏதோ ஒரு மூலை சிவப்பாகத்தான் இருக்கும். தாங்காத பொருளிலும் பெரும்பகுதி நிம்மதியான நீலமாக இருக்கும். அரை மில்லிமீட்டர் வளைவையும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வில் மாதிரி பெரிதாக்கிக் காட்டும். 118 வந்த படத்தையும் 204 வந்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், எண்களை மறைத்துவிட்டால், எது எது என்று நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். வித்தியாசம் முழுக்க அந்த மூலைப் பெட்டியில் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரி யாருக்கும் போவதில்லை.

"ரெண்டு விடையையும் போடறேன் சார். எது எந்த செட்டிங்னு பக்கத்துலயே எழுதிடறேன்" என்றேன். "பாண்டட் மட்டும்தான்னா, 'ப்ரிபேர்டு பை'ல என் பேரு வேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தம்பியின் காலேஜ் ஃபீஸ், வண்டி லோன் எல்லாம் அந்த இரண்டு நாளும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தன. தைரியமாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னதைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை, அதுதான் உண்மை. மூன்றாம் நாள் ரிப்போர்ட் இரண்டு விடைகளோடும் போயிற்று. கையெழுத்துக்கு மேல் சார் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.

ஃபவுண்டரி முதலாளியே போன் செய்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரே சாமானுக்கு ரெண்டு நம்பரு போட்டிருக்கீங்க?"

"பிளேட்டத் தூணோட முழுசா ஒட்ட வெச்ச மாதிரி நினைச்சா 118 சார். நாலு போல்ட் மட்டும்தான் புடிச்சிருக்குன்னு வெச்சா மேல் ஓரம் தொறக்குது. அப்ப 204."

"தொறக்குமுங்க. பழைய கிரேன்லயே ஒரு அட்டை போற அளவுக்குத் தொறந்துதான் கெடக்குது. அது தப்புங்களா?"

"ஆமாங்க சார்."

"அப்ப பிளேட்ட தடிசாப் போட்டுட்டாப் போச்சு. இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா ஆச்சு."

நாங்கள் எல்லாரும் எண்ணுக்குப் பயந்துகொண்டிருந்தோம். நாற்பது வருடம் இரும்போடு வாழ்ந்த மனிதருக்கு எண் தேவைப்படவே இல்லை. ஓரம் திறக்கிறது என்பது போதுமாக இருந்தது. 12 மில்லிமீட்டர் பிளேட் 20 ஆனது, நாலு போல்ட் ஆறானது, பக்கவாட்டில் முட்டுக் கொடுத்தார்கள். ஃப்ரிக்‌ஷனலிலேயே 139 வந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. எல்லா முதலாளிக்கும் இரும்பு தெரியாது. சில இடங்களில் நான்கு பேர் தாண்டித்தான் ரிப்போர்ட் போகும். அந்த நால்வருக்கும் வேண்டியது 'பாஸ்' என்ற ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வேலைகளை சார் என்னிடம் தராமல் வேறொருவரிடம் தந்தார். காரணம் கேட்கவில்லை.

*

போன வருடம் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள். "அக்கா, எல்லா வெள்ளைக் கட்டத்தையும் பாக்கணும்னா ஒரு மாடலுக்கே ஒரு வாரம் ஆகுமே?"

ஆகும். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார் என்று நான் சொல்வதில்லை. கணக்கை ஓட்டும் முன், திரையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். இந்தப் பொருள் எதனால் ஆனது? எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எப்படித் தொட்டுக்கொண்டிருக்கிறது? எது அதைப் பிடித்திருக்கிறது? எவ்வளவு சூடு? யார் பக்கத்தில் நிற்பார்கள்? கடைசிக் கேள்விக்கு எந்தப் பெட்டியிலும் கட்டம் கிடையாது. ஆனால் மற்றவற்றில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அப்புறம் சந்தேகமான வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றையும் மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். விடை நகரவில்லை என்றால் விட்டுவிடலாம். நகர்ந்தால், அது இனி வெள்ளைக் கட்டம் இல்லை. அதற்கு ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும்.

எங்கள் ரிப்போர்ட்டில் இப்போது செட்டிங்ஸுக்கு என்று ஒரு பக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கம், கொஞ்சம் பொடி எழுத்து. சார் அந்த அளவுக்கு ஒத்துக்கொண்டார். அதில் மூன்று பத்திகள்: செட்டிங், மதிப்பு, முடிவு செய்தது யார். மூன்றாவது பத்தியை நான் சேர்த்தேன். தொடுகை, ஃப்ரிக்‌ஷனல், 0.2 என்ற வரிக்கு எதிரே என் இனிஷியல் இருக்கும். பொருள், வெப்பநிலை வரிகளுக்கு எதிரே அந்தப் பெண்ணின் இனிஷியல். இன்னும் ஏழெட்டு வரிகளுக்கு எதிரே 'புரோகிராம்' என்றுதான் போடுகிறோம், ஏனென்றால் அதுதான் நடந்தது. இதுவரை எந்தக் கிளையண்டும் அந்தப் பக்கத்தைக் குறித்துக் கேட்டதில்லை. அந்தப் பெண் மட்டும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'புரோகிராம்' எத்தனை வரி என்று எண்ணுகிறாள். போன மாதம் ஒன்பது இருந்ததாம். இந்த மாதம் ஆறு.